நீரில் நனையா ஈ

சைவ உணவினன் ஒருவன் மீன்பிடிப்பைப் பற்றி எழுதப் புகுவதும், அதுவும் இந்துக் கல்லூரிப் பழைய மாணவரின் விழா மலரிலே எழுதப் புகுவதும், அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். யான் என் வாழ்நாளில் ஒரு மீனையேனும் பிடித்தவனல்லேன். பிடிக்கும் எண்ணமும் இல்லை. ஆயினும் பௌதிகத்தைப் பல ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்த ஒருவன், அப்பௌதிகத்திலேயே பெரும்பிழை ஒன்று விட்டு, அதனை அரை அங்குல நீளமுள்ள ஒரு போலி ஈயினிடத்தே கற்றுத் திருந்திய வரலாற்றை மறைத்து வைத்தல் முறையன்று. ஆதலின் எழுதுகின்றேன்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் வைத்தியராய் இங்கிலாந்து சென்று, அங்கேயே ஓய்வுபெற்று, தென்பாகத்து ஹம்ஷயர் மாகாணத்தில் வாழ்கின்றார். ஓய்வு அவரைத் தூண்டிற்காரர் ஆக்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் எனக்கெழுதிய கடிதத்தில், “பரப்பிழுவிசை படிப்பித்த வாத்தியார் நீர். நெய் பூசிய என் ஈ பத்து வீச்சுக்குள் நனைந்து தாழ்கின்றது. காரணம் சொல்லும்” என்று கேட்டிருந்தார். யானும் சிறிதும் தயங்காது, “நெய் நீரினும் இலேசானது, நீர் பூசிய அளவு போதாது, இன்னும் பூசும்” என்று மறுமொழி எழுதினேன். அடுத்த கடிதம் இரண்டு வரியில் வந்தது: “சொன்னபடி பூசினேன். முன்னர்ப் பத்து வீச்சுக்குப் பின் தாழ்ந்த ஈ இப்போது முதல் வீச்சிலேயே தாழ்கின்றது.”

அவ்விரு வரிகளே என்னை நூல்களிடம் மீண்டும் அனுப்பின.

முதற்கண், இந்த ஈ யாதென்று கூறுதல் வேண்டும். சிறியதொரு தூண்டில் முள்ளின் தண்டிலே பட்டு நூலைச் சுற்றி, விலங்கின் மென்மயிரால் உடலும், பறவையின் இறகால் சிறகும், சேவலின் கழுத்துத் தூவியால் கால்களும் அமைத்த போலிப் பூச்சியே அது. மண்புழுவையோ இறாலையோ கோத்து, ஈயக்குண்டு கட்டித் தாழவிடும் நம்மூர்த் தூண்டில் வேறு, இது வேறு. இதற்கு எறியத்தக்க பாரம் இல்லை. ஆதலின் கனத்த நூலொன்றைக் கோலினால் வளைத்து வீச, அந்நூலின் நுனியிலே மெல்லிய தங்கூசியாற் கட்டப்பட்ட ஈ அதனைப் பின்பற்றிச் சென்று விழும். இக்கலை புதியதன்று. கி. பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஈலியன் என்னும் ஆசிரியர், மக்கெதோனியர் செந்நிறக் கம்பளி நூலும் சேவற்றூவியும் முள்ளிற் கட்டி ஆற்றுமீனை ஏமாற்றியதைக் குறித்துள்ளார்.

பழைய ஈக்கள் யாவும் நீருள் அமிழ்வன. நீர்மேல் நிற்கும் ஈயை, அஃதாவது ‘உலர் ஈ’யை, ஒரு தனிக் கலையாக வகுத்தவர்கள் ஹம்ஷயர் மாகாணத்துத் தூண்டிற்காரரே. அங்குள்ள ரெஸ்ற், இச்சின் என்னும் ஆறுகள் சுண்ணக்கற் பாறையின் ஊற்றுக்களிற் பிறப்பவை. மழைநீர் அப்பாறையிலே வடிந்து வருதலால் அவை கலங்குதல் அரிது. கோடையிலும் மாரியிலும் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. அடியிலுள்ள பாசி இழை ஒவ்வொன்றையும் கரையில் நின்று எண்ணலாம். மாரிக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறோர் ஆறறியாத யாழ்ப்பாணத்தவர்க்கு இத்தகைய நீர்நிலையை மனத்தே காண்பது சிறிது அரிது. அந்நீரில் வாழும் ட்ரௌட் மீன் மிகக் கூரிய பார்வையுடையது. நீரடியில் ஓராண்டு ஈராண்டு புழுவுருவில் வாழ்ந்த மே ஈ என்னும் பூச்சி, ஒருநாள் மேலெழுந்து, தோலுரித்து, சிறகு உலரும்வரை நீர்ப்பரப்பின்மேற் காலூன்றி மிதந்து செல்லும். அதன் பின்னர் அதற்கு உணவுமில்லை, உண்ணத்தக்க வாயுமில்லை, ஓரிரு நாளில் வாழ்வும் இல்லை. அது மிதந்து செல்லும் அந்தச் சில கணங்களையே மீன் பார்த்திருக்கின்றது. தூண்டிற்காரன் போலியாகச் செய்ய வேண்டுவதும் அந்நிலையையே.

நீருள் இருந்து மேல்நோக்கும் மீனுக்கு உலகம் எவ்வாறு தோன்றும்? உயர்வகுப்பு மாணவர் இதனை அறிவர். நீருக்கும் வளிக்கும் இடையே அவதிக்கோணம் ஏறத்தாழ 48½ பாகை. ஆகவே மீனின் தலைக்கு மேலே ஒரு வட்டமான பலகணி வழியாக மட்டுமே வெளியுலகம் தெரியும். அவ்வட்டத்துக்கு அப்பால், முழு உட்டெறிப்பினாலே, நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடியாகி ஆற்றின் அடித்தளத்தையே காட்டும். மிதக்கும் பூச்சி அப்பலகணியை அடையுமுன், அதன் உடல் மீனுக்குத் தோன்றாது. நீர்த்தோலைக் கால்கள் அழுத்திய குழிகள் மட்டும் அக்கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாய் மின்னும். நீரைத் துளைத்து உள்ளே தொங்கும் ஈ அவ்வாறு தோன்றாது. முள்ளும் உடலும் முன்னதாகவே தெரிந்துவிடும். ஆகவே ஈ ‘அமிழாதிருந்தாற் போதும்’ என்பது தவறு. அது நீர்த்தோலின்மேல் நிற்றல் வேண்டும். நனையாமற் காக்கும் முயற்சி எல்லாம் இதற்காகவே.

1879ஆம் ஆண்டிலே வின்செஸ்ரர் நகரத்துத் தூண்டிற்கடை ஒன்றில் பிரெடரிக் ஹல்போட், ஜோர்ஜ் செல்வின் மறியற் என்னும் இருவரும் சந்தித்தனர். அவர்கள் நட்பின் பயனாக 1886இல், மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறைபற்றிய ஹல்போட்டின் நூல் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து உலர் ஈ வீசும் முறைபற்றிய இரண்டாம் நூல் வந்தது. அக்காலத்தில் ஈயை உலர்த்த முதலிற் கையாண்ட வழி வெறுவீச்சு ஒன்றே. அஃதாவது நீரிற் படவிடாது ஈயைக் காற்றிலே முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை வீசி, ஒட்டிய துளிகளைச் சிதறச் செய்தல். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே பரபின் எண்ணெய் அடைத்த சிறு குப்பியும் தூரிகையும் தூண்டிற்காரரின் சட்டைப் பொத்தானில் தொங்கலாயின. பட்டு நூலுக்கோ மான்கொழுப்புப் பூசினர். ஹல்போட்டின் அடியார்கள் பின்னர் உலர் ஈயன்றி வேறெதனையும் வீசுதல் இழிவு என்று கருதுமளவுக்குச் சென்றனர். ஸ்கியூஸ் என்பவர் 1910இல் வெளியிட்ட நூலில், ட்ரௌட் மீன் தன் உணவிற் பெரும்பங்கை நீருள்ளேயே உண்கின்றது என்று காட்டியும் அவ்வழக்கு ஓயவில்லை; 1938இல் இலண்டனில் அதுபற்றி ஒரு பெரும் வாதமே நடந்தது. சமயவாதங்களிற் பழகிய நமக்கு இது வியப்பன்று.

அதே ஆங்கிலரே 1880களில் ட்ரௌட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொணர்ந்து, நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். பின்னர்க் கொணர்ந்த வானவில் ட்ரௌட் இனம் ஹோட்டன் சமவெளியில் நிலைபெற்றுவிட்டது. அச்சமவெளிக்கே உரிய சிறு இறால் இனம் ஒன்றுக்கு அது தீங்காயிற்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். நீரின் மேற்பரப்பு இழுத்துப் பிடித்த தோல் போன்றது. அதன் இழுவிசை, சாதாரண வெப்பநிலையில், ஒரு சதமமீற்றருக்கு ஏறத்தாழ 72 தைன். இதனைப் பாரமாக மாற்றினால் 73 மில்லிகிராம். நீர் ஒட்டாத பொருளொன்று ஒரு சதமமீற்றர் நீளத்துக்கு நீர்த்தோலைத் தொட்டு நின்றால், அக்கோடு அதிகமாய் 73 மில்லிகிராம் பாரத்தைத் தாங்கும். அரை மில்லிமீற்றரினுங் குறைந்த, 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் கம்பியில் 25 மில்லிமீற்றர் நீளத்தை வளைத்து ஒரு முள் செய்தால் அதன் நிறை ஏறத்தாழ 25 மில்லிகிராமே. முள்ளைச் சுற்றி விரிந்த தூவியிழைகள் பல நீர்த்தோலைத் தொடும்போது அக்கோடுகளின் மொத்த நீளம் சதமமீற்றர் கணக்கிலாகிவிடும். எனவே ஈ மிதப்பதில் வியப்பில்லை, தாழ்வதே ஆராயத்தக்கது. தலைமயிரில் இழுத்த தையலூசியைக் கிண்ணத்து நீரில் மெல்லக் கிடத்தினால் அது கிடக்கும். பக்கத்தே ஒரு துளி சவர்க்கார நீரை விட்டால் உடனே அடியிற் கிடக்கும். இப்பரிசோதனையை எத்தனையோ வகுப்புக்களுக்குச் செய்து காட்டியவன் யான்.

அவ்வாறாயின் ஈ ஏன் தாழ்கின்றது? விளக்குத் திரியை நோக்குக. பருத்தி இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வெளிகளில் எண்ணெய் தானே ஏறுகின்றது. ஈயின் உடலும் அத்தகைய திரியே. முள்ளைச் சுற்றிய நூலும் மயிரும் தம்மிடையே ஆயிரம் நுண்வெளிகளை உடையன. இழையின் பரப்பு நீரை ஏற்பதாயின், மயிர்த்துளைத் தன்மையால் நீர் அவ்வெளிகளிற் புகுந்து அங்கிருந்த காற்றை வெளியேற்றிவிடும். இழையின் பரப்பு நீரை வெறுப்பதாயின், அதே வெளிகள் நீரை வெளியே தள்ளும். ஏற்பதா வெறுப்பதா என்பதை அளப்பது தொடுகைக் கோணம். நீர்த்துளி ஒரு பரப்பைத் தொடுமிடத்தில் நீருக்குள்ளே அமையும் இக்கோணத்தை 1805இல் தோமஸ் யங் விளக்கினார். தூய கண்ணாடியில் அது ஏறக்குறையப் பூச்சியம். பரபின் மெழுகிலும் சிலிக்கோனிலும் 105 முதல் 110 பாகை. 90 பாகைக்கு மேற்பட்டவையே நீரை வெறுப்பவை.

இங்கே ஓர் எல்லை உண்டு. எத்துணைச் சிறந்த இரசாயனப் பொருளைப் பூசினும், வழுவழுப்பான பரப்பிலே தொடுகைக் கோணம் ஏறத்தாழ 120 பாகையை விஞ்சுவதில்லை. ஆயின் தாமரை இலையிலும் சேம்பிலையிலும் நீர்த்துளி முத்தாய் உருளுகின்றதே, அங்கே கோணம் 150 பாகைக்கு மேற்பட்டதாயிற்றே, அஃது எவ்வாறு? தாமரையிலைத் தண்ணீர் என்று நாம் நாள்தோறும் சொல்லியும், ஏன் என்று கேட்டிலோம். தாமரை இலையின் பரப்பில் நுண்ணிய மேடுகள் நிரம்பியுள்ளன. அம்மேடுகள்மேல் மெழுகுத் துகள்கள் உள்ளன. துளி அம்மேடுகளின் முடிகளை மட்டுமே தொடுகின்றது. எஞ்சிய இடமெங்கும் அதன் கீழே இருப்பது காற்று. பார்த்லொற், நைன்ஹூயிஸ் என்னும் யேர்மானியத் தாவரவியலாளர் 1997இல் இதனை விரித்து விளக்கியபின் ‘தாமரை விளைவு’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. இதற்கு அரைநூற்றாண்டு முன்னர், 1944இல், லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் காசி, பக்ஸ்ரர் என்னும் இருவர், இழைகளுக்கிடையே காற்றுச் சிறைப்பட்ட பரப்புக்குரிய சமன்பாட்டைக் கண்டிருந்தனர். அவர்கள் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று தாராவின் இறகு. தாரா நனையாதிருப்பது அதன் எண்ணெயினால் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். இறகிழைகள் தக்க இடைவெளியில் அடுக்கப்பட்டு, இடையே காற்றைப் பிடித்திருக்கும் அமைப்பே தலையாய காரணம் என்பது அவர்கள் கண்ட முடிபு.

என் பிழை இப்போது எனக்குத் தெளிவாயிற்று. நெய் இலேசானது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு இலேசு? அதன் அடர்த்தியை 0.9 எனக் கொண்டு கணக்கிட்டேன். 25 மில்லிகிராம் முள்ளொன்றை நெய்யின் மிதப்பினால் மட்டும் தாங்குவதற்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் நெய் வேண்டும். முள்ளின் நிறையைப்போல் எட்டு மடங்கு! அவ்வளவையும் பூசினால் அது ஈயன்று, உருண்டை. அதே முள்ளைத் தாங்கக் காற்று எவ்வளவு வேண்டும்? 22 கன மில்லிமீற்றர். ஒரு மிளகினும் சிறிய அளவு. ஆகவே ஈயை மிதப்பிப்பது நெய்யன்று, காற்றும் நீர்த்தோலுமே. நெய்யோ மெழுகோ செய்ய வேண்டிய தொழில், ஒவ்வோர் இழையையும் தனித்தனி போர்த்து, நீர் உட்புகாது காவல் நிற்றல் மட்டுமே. என் சொற்படி நண்பர் அப்பிய நெய், தூவியிழைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தும்பாக்கி, காற்றிருந்த வெளியை எல்லாம் தானே நிரப்பிக்கொண்டது. காவலனே வீட்டைக் கைப்பற்றிய கதை. 1967இல் ரொறி கன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கப்பாற் பாறையில் மோதியபோது ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் மாண்டதும் இக்காரணத்தாலே. இறகிழைகள் எண்ணெயில் ஒட்டிக்கொள்ள, காற்றுப் போர்வை அழிந்து, நீர் தோலைத் தொட்டது; அவை குளிரால் மாண்டன. எண்ணெயால் நனையாது வாழும் பறவை என்று நாம் எண்ணியது, எண்ணெய் மிகுந்தபோது நனைந்து இறந்தது.

இதனை மனத்திற்கொண்டு பார்த்தால், கடந்த ஒரு நூற்றாண்டில் வந்த பூச்சுப் பொருள்களின் வரலாறு, மேன்மேலும் மெல்லிய போர்வையைத் தேடிய வரலாறாகவே தோன்றும். பரபின் எண்ணெய்க்குப் பின் பரபின் மெழுகு வந்தது. மெழுகைச் சீவிப் பெற்றோலில் கரைத்து, ஈயை அதில் தோய்த்து எடுப்பர். பெற்றோல் ஆவியாகிப் போக, கண்ணுக்குப் புலப்படாத மெழுகுப் படலம் எஞ்சும். இதனை வீட்டிற் செய்வோர் அடுப்பும் விளக்கும் இல்லாத வெளியிடத்தே செய்தல் வேண்டும். தீப்பற்றாதது என்று முன்னொருகால் காபன் நாற்குளோரைட்டையும் கரைப்பானாகக் கொண்டனர். அது ஈரலைக் கெடுப்பது. ஓசோன் படையையும் அரிப்பது. மொன்றியல் உடன்படிக்கையின் 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதன் பாவனை ஒழிக்கப்பட்டது. பழைய பெட்டிகளில் அக்குப்பி இன்றும் அகப்படுமாயின், முகர்ந்து பார்ப்பதும் தகாது.

1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பற்னோட் என்னும் இரசாயனவியலாளர் ஒரு புதுமையைக் கண்டார். மெதைல் குளோரோசிலேன் என்னும் சேர்வைகளின் ஆவி பட்ட கடதாசியும் துணியும் நீரை ஏற்காது போயின. அவ்வாவி பரப்பிலுள்ள நுண்ணீரோடு சேர்ந்து, சில மூலக்கூறுகளே தடிப்பான சிலிக்கோன் போர்வையை அங்கே பிணைத்துவிடுகின்றது. இன்று தூண்டிற்கடைகளில் விற்கும் திரவங்களிலும் களிகளிலும் பெரும்பாலானவை சிலிக்கோன் வழிவந்தவை. திரவம் வீட்டுக்குரியது, களி ஆற்றங்கரைக்குரியது. புதிய ஈயைத் திரவத்தில் தோய்த்து, கரைப்பான் முற்றும் நீங்க ஓரிரு நாள் உலரவிட்டு எடுத்தால் உடலின் உள்ளிழையும் காக்கப்படும். களியோ மேலிழையை மட்டுமே காக்கும். அதனை விரலிடையே தேய்த்து, உருகி விரல் பளபளப்பதாய் மட்டும் நின்றபின், அவ்விரலால் தூவியைத் தொட்டாற் போதும். குளிர்காலத்தில் களி கட்டியாய் இருக்கும். அப்படியே அப்புவோர் என் சீடர்.

மூன்றாவது வகை பொடி. நுண்சிலிக்காவை, சிலிக்கன் நாற்குளோரைட்டை ஐதரசன் சுவாலையில் எரித்துப் பெறுவர். அதன் துகள்கள் மில்லிமீற்றரின் இலட்சத்திலொரு பங்களவின. அவற்றைச் சிலேன் சேர்வையாற் போர்த்தினால் நீரை முற்றும் வெறுக்கும் வெண்பொடி கிடைக்கும். இதனை ஈயில் தூரிகையாற் பூசும்போது, இழைகள் நீரை வெறுப்பதோடு, தாமரை இலையிற்போல் ஒவ்வோர் இழைமேலும் நுண்மேடுகள் உண்டாகின்றன. கட்டாய் ஒட்டிய இழைகளையும் பொடி பிரித்துவிடுகின்றது. சில குப்பிகளில் இப்பொடியோடு, நீரை உறிஞ்சும் சிலிக்காக் களியின் மணிகளும் கலந்திருக்கும். நனைந்த ஈயை உள்ளிட்டுக் குலுக்கினால், மணிகள் ஈரத்தை வாங்க, பொடி போர்வையிடும். பொடி மிக இலேசானதாகையால் காற்றிற் பறக்கும். அதனைச் சுவாசியாது காற்றுக்குப் புறங்காட்டி நின்று பூசுதல் நலம்.

எல்லாவற்றினும் வியப்பானது சுவிற்சலாந்து, பிரான்சு எல்லையிலுள்ள யூரா மலைநாட்டார் கண்ட வழி. தாராவின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அதனைச் சூழ முளைக்கும் சிறு மென்றூவிகளால் அவர்கள் 1920கள் முதலே ஈ கட்டி வருகின்றனர். எப்பூச்சுமின்றியே அவை மிதக்கும். சுரப்பியின் எண்ணெய் ஊறியதனால் மிதக்கின்றன என்பதே எங்கும் வழங்கும் விளக்கம். ஆனால் சாயமூட்டுவதற்காக எண்ணெய் போகக் கழுவிய தூவிகளும் நன்றாகவே மிதக்கின்றன. உருப்பெருக்கிப் பார்த்தால் காரணம் தெரியும்: ஒவ்வோர் இழையிலும் முறுக்குண்ட நுண்ணிழைகள் எண்ணற்றவை கிளைத்துக் காற்றைப் பற்றி நிற்கும். இத்தூவியிற் களி பூசினால் அந்நுண்ணிழைகள் படிந்து ஒட்டிவிடும்; பொடி ஒன்றே இதற்குப் பொருந்தும். நண்பர் என் சொற்கேட்டு நெய் அப்பிய ஈயும் இத்தூவியாற் கட்டியதே என்று பின்னர் அறிந்தேன்.

புளோரின் சேர்ந்த பூச்சுக்களையும் இங்கே கூறாது விடலாகாது. நீரை மட்டுமன்றி எண்ணெயையும் ஏற்காமையால், 1950களிலிருந்து துணிகளுக்கும் கம்பளங்களுக்கும் அவை பெருவழக்காயின. தூண்டிற்காரரும் தம் ஈக்கு அவற்றை நாடினர். மீனின் வழும்பையும் கைந்நெய்யையும் தாங்குவதில் அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் காபனுக்கும் புளோரினுக்கும் இடையேயுள்ள பிணைப்பு மிக வலியது. மண்ணும் நீரும் வெயிலும் நுண்ணுயிரும் அதனை எளிதிற் சிதைப்பதில்லை. கழுவுண்ட சேர்வை ஆற்றிற் போய், மீனிற் சேர்ந்து, மனிதர் குருதியிலும் தங்குகின்றது. இவ்வினத்துச் சேர்வைகள் சில, நீடித்து நிற்கும் நஞ்சுகள்பற்றிய ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையில் 2009இலும் 2019இலும் சேர்க்கப்பட்டன. ஓர் ஈயில் எஞ்சும் அளவு அற்பம் என்று சிலர் வாதிப்பர். அற்பமே. ஆயினும் அடியிற் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணத்தக்க தெளிந்த நீரைத் தேடிச் செல்பவன், அந்நீரிற் கரையாத ஒன்றைத் தன் கையாலே விடுவதற்கு அவ்வாதம் போதுமென்று எனக்குத் தோன்றவில்லை. மெழுகும் பொடியும் இருக்கையில் அதற்குத் தேவையுமில்லை.

ஆற்றங்கரையிலே மீன் ஒன்று அகப்பட்டபின்னர் ஈயை மீட்பதே கடினமான பகுதி. மீனின் வழும்பு புரதப் பொருள். இழைமேற் படிந்து, நீரை வெறுத்த பரப்பை நீரை ஏற்பதாக்கிவிடும். அதன்மேல் எதைப் பூசினும் பயனில்லை. நனைந்த ஈயிற் களி பூசுதலோ ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுதலாம். முதலில் ஆற்றுநீரில் அலசி வழும்பைப் போக்கவேண்டும். பின்னர் ஒற்றி ஈரத்தை எடுக்கவேண்டும். இதற்கு ஐரோப்பியர் அமடூ என்னும் பொருளை வைத்திருப்பர். பேர்ச், பீச் மரங்களின் தண்டில் குளம்புபோல் முளைக்கும் காளானைப் பதப்படுத்திச் செய்த மென்றகடு அது. தீப்பெட்டி இல்லாக் காலத்தில் தீக்கடையவும் காயத்தில் இரத்தம் நிறுத்தவும் உதவியது. இரண்டு துண்டுகளுக்கிடையே ஈயை வைத்து அழுத்தினால் கைக்குட்டையினும் விரைவாய் ஈரம் வாங்கும். அதன்பின்னரே பொடி; பொடியின் மிகுதியை ஊதிவிட்டு, இரண்டு வெறுவீச்சு.

பூச்சிக்கடிக்கும் வெயிலுக்கும் தோலிற் பூசும் களிம்பு, கைகழுவிய சவர்க்காரம் ஆகியவை விரலிலிருந்து ஈக்குச் சென்று, செய்த வேலையெல்லாவற்றையும் கெடுப்பதையும் நண்பர் தம் அனுபவத்தில் கண்டு எழுதினார். ஊசிப் பரிசோதனையை மறவாத மாணவர் போலும்.

இன்னுமொரு சிறு வேலை உண்டு. அது முற்றும் எதிர்மாறானது. ஈயை அடுத்த தங்கூசி மிதந்தால் அதன் நெடுகிலும் நீர்த்தோல் வளைந்து, வெயிலில் அடித்தளத்தே தடித்த நிழல் விழும். மீன் வெருண்டு ஓடும். ஆகவே நுண்களிமண்ணைக் கிளிசரினோடும் சவர்க்காரத்தோடும் குழைத்து, ஈயிலிருந்து ஓரிரு அடி நீளத்துக்குத் தேய்த்து, அந்தப் பகுதியை மட்டும் வேண்டுமென்றே நனையச் செய்வர். நூல் மிதக்க வேண்டும். தங்கூசி தாழ வேண்டும். ஈ மிதக்க வேண்டும். ஒரே கையால், ஒரே வீச்சில், ஒன்றற்கொன்று மாறான மூன்று பரப்புக்கள்!

நண்பரின் கடைசிக் கடிதத்தோடு சிறிய தகரப்பெட்டியொன்றும் வந்தது. அதனுள்ளே பஞ்சின்மேல் இரண்டு ஈக்கள். ஒன்று நெய்யில் உருண்டது, மற்றது பொடி பூசியது. கிண்ணத்தில் நீரெடுத்து இரண்டையும் விட்டுப் பார்த்தேன். முதலாவது உடனே போய்விட்டது. மற்றது, மாலையில் விளக்கேற்றி வந்து பார்த்தபோதும், தூவிக்காலில் நின்றுகொண்டிருந்தது. காலடிக் குழிகளின் நிழல் கிண்ணத்தின் அடியில் வட்டவட்டமாய்த் தெரிந்தது.